கலைந்ததா, கரைந்ததா?

2022ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி ஜொகூர் மாநிலச் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. அந்த ஒரே செய்தியை மூன்று மொழிகளும் மூன்று விதமாகச் சொல்லின. மலாய்மொழி ‘புபார்’ என்றது. தமிழ் ‘கலைப்பு’ என்றது. ஆங்கிலம் ‘டிசால்வ்’ என்றது.

முதல் இரண்டு சொற்களும் கூட்டம் பிரிந்து போவதைக் குறிப்பவை. மூன்றாவது சொல்லோ, பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் உப்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கும்போது பயன்படுத்தும் சொல். தேநீரில் சீனி கரைவதற்கும், 56 உறுப்பினர்கள் கொண்ட ஒரு மன்றத்தின் ஆயுள் முடிவதற்கும் ஆங்கிலேயர் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். ஏன்? உப்புக்கும் சட்டமன்றத்துக்கும் என்ன உறவு?

சொல்லின் பிறப்பைத் தேடுவது பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஜொகூர் தமிழர்களின் வரலாற்றில் இந்தச் சொல்லுக்கு ஓர் இடம் உண்டு. ரப்பர் தோட்டம் என்ற ஓர் உலகம் இந்த மாநிலத்தில் மறையத் தொடங்கியபோது, அதற்குள் வாழ்ந்த மக்கள் கலைந்தார்களா, கரைந்தார்களா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால், முதலில் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முடிச்சும் கடனும்

லத்தீன் மொழியில் ‘சொல்வெரெ’ என்றால் அவிழ்ப்பது, தளர்த்துவது. அதற்கு முன்னால் ‘டிஸ்’ என்ற ஒட்டைச் சேர்த்தால் ‘வேறு வேறாக’ என்ற பொருள் கூடுகிறது. கட்டை அவிழ்த்து, உள்ளே இருந்தவற்றைத் தனித்தனியாகப் பிரித்து விடுவதுதான் ‘டிசால்வ்’ என்பதன் மூலப்பொருள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. அழிப்பது என்ற பொருள் அதன் வேரில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. விறகுக் கட்டை அவிழ்த்தால் கட்டு இருக்காது. ஆனால் விறகு இருக்கும்.

அந்த வேரிலிருந்து பிறந்த பிள்ளைகள் பலர். சிக்கலை அவிழ்ப்பது ‘சால்வ்’. அவிழ்ந்த பிறகு கிடைக்கும் விடை ‘சொல்யூஷன்’. குற்றத்தின் கட்டிலிருந்து ஒருவரை விடுவிப்பது ‘அப்சால்வ்’. எந்தக் கட்டுக்கும் உட்படாதது ‘அப்சொலூட்’. சட்டத்துக்கும் மன்றத்துக்கும் கட்டுப்படாத மன்னராட்சியை ஆங்கிலத்தில் அந்தச் சொல்லால் குறிப்பது இதனால்தான். கிரேக்கத்திலும் இதற்கு ஓர் உறவுக்காரச் சொல் உண்டு. ‘லூயெய்ன்’ என்ற அந்தச் சொல்லின் வழியாகத்தான் ‘அனாலிசிஸ்’ வந்தது. ஒன்றைப் பகுத்து ஆராய்வது என்றால் அதன் முடிச்சுகளை அவிழ்ப்பது.

ரோமானியர்கள் இதே ‘சொல்வெரெ’யைக் கடனை அடைப்பதற்கும் சொன்னார்கள். கடனும் ஒரு கட்டுதானே! பணத்தைக் கொடுத்துவிட்டால் கட்டு அவிழ்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் ‘சால்வென்ட்’ என்ற சொல்லுக்கு இன்றும் இரண்டு முகங்கள் உள்ளன. வேதியியல் வகுப்பில் அது கரைப்பான். வங்கியில் அது கடனைத் திருப்பிச் செலுத்த வக்கு உள்ளவர். அந்த வக்கு இல்லாதவர் ‘இன்சால்வென்ட்’. மலேசியாவின் 1967ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் 2017இல் பெயர் மாற்றம் பெற்றபோது, ‘இன்சால்வென்சி’ என்ற சொல்தான் அதன் தலைப்பில் ஏறியது.

தமிழ் இதில் லத்தீனுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. ‘தீர்’ என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் தீர்கிறது. வழக்கு தீர்கிறது. சந்தேகம் தீர்கிறது. நோய் தீர்கிறது. ‘தீர்வு’ என்று தமிழில் சொல்வதும் ‘சொல்யூஷன்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதும் ஒரே அனுபவத்திலிருந்து பிறந்த சொற்கள். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், கடனையும் சிக்கலையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றன.

தமிழின் இரட்டைச் சொற்கள்

ஆனால் ‘டிசால்வ்’ என்று வரும்போது தமிழ் வேறு வழியில் போகிறது. ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்குத் தமிழ் இரண்டு சொற்களைக் கையில் வைத்திருக்கிறது. ஒன்று கலைதல். மற்றொன்று கரைதல். ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. பொருளிலோ பெரிய இடைவெளி.

கூட்டம் கலைகிறது. மேகம் கலைகிறது. கூந்தல் கலைகிறது. தூக்கம் கலைகிறது. வேடம் கலைகிறது. இவை எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு குலைகிறது. ஆனால் கலைந்தவை கண்ணுக்குத் தெரிகின்றன. கலைந்த கூந்தலை மறுபடி வாரிக்கொள்ளலாம். கலைந்த கூட்டம் மறுநாளே வேறோர் இடத்தில் கூடலாம். பள்ளிக்கூடத்தில் காலைச் சபை முடிந்து ‘பெர்சுராய்’ என்ற ஆணை வந்ததும் பிள்ளைகள் கலைகிறார்கள். ஆனால் எல்லாரும் வகுப்பறையில்தான் இருக்கிறார்கள்.

கரைதல் அப்படியல்ல. உப்பு கரைந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்குத்தான் தெரியும். சேமிப்பு கரைகிறது, எங்கே போனது என்று கணக்குப் பார்த்தாலும் பிடிபடுவதில்லை. மனம் கரைகிறது, பிறகு பழைய பிடிவாதம் திரும்புவதில்லை. இறந்தவரின் அஸ்தியைக் கரைக்கும்போது, இனி அந்த உடல் இல்லை என்பதைக் குடும்பம் ஏற்றுக்கொள்கிறது. பாடத்தை முழுவதும் கற்றவரைக் ‘கரைத்துக் குடித்தவர்’ என்கிறார்கள். அங்கே நூல் மறைந்து ஆளுக்குள் போய்விடுகிறது. ‘கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்’ என்ற பழமொழிக்கு, பொறுமையோடு எடுத்துச் சொல்லும் ஆள் இருந்தால் எந்த இறுகிய மனமும் இளகும் என்பது பொருள்.

மலாய்மொழியும் தமிழைப் போலவே இரண்டாகப் பிரிக்கிறது. நாடாளுமன்றத்துக்கு ‘புபார்’. உப்புக்கு ‘லாருட்’. நடுநிசியைத் தாண்டிய இரவை ‘லாருட் மாலாம்’ என்பார்கள். இரவு கரைந்து கரைந்து ஆழமாகிவிட்டது என்பதுபோல் ஒலிக்கும் அழகான வழக்கு அது.

ஆக, சட்டமன்றத்துக்குத் தமிழர்கள் ‘கரைப்பு’ என்று சொல்லாமல் ‘கலைப்பு’ என்று சொன்னது பொருத்தமான தேர்வு. உறுப்பினர்கள் கலைகிறார்கள். மன்றம் கரைவதில்லை. கட்டடம், சட்டம், தொகுதி, வாக்காளர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் கலைப்புச் செய்தியைக் கேட்ட உறுப்பினர் பலருக்கு அன்று வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை!

கலைத்த மன்னர்கள்

வரலாற்றில் கலைப்பு எப்போதும் இவ்வளவு மென்மையாக இருந்ததில்லை. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னர் 1536 முதல் சில ஆண்டுகளுக்குள் நாட்டின் துறவி மடங்களை எல்லாம் கலைத்தார். ஆங்கிலேயர் வரலாற்றில் ‘டிசொல்யூஷன்’ என்று மட்டும் சொன்னாலே பலருக்கு அந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வரும். ஏறத்தாழ 800 மடங்கள் மூடப்பட்டன. நிலம் மன்னருக்குப் போய், அவரிடமிருந்து புதிய முதலாளிகளுக்குக் கைமாறியது. மடங்களின் கற்கள் வேறு வீடுகளின் சுவர்களில் ஏறின. மடத்தின் வாசலில் உணவும் மருந்தும் பெற்றுவந்த ஏழைகளுக்கு அந்த வாசல் அடைபட்டது. இந்த வரிசையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நிலம் கைமாறுவது, கட்டடம் உடைவது, அதை நம்பியிருந்தவர்கள் வெளியே நிற்பது. ஜொகூருக்கு வரும்போது இதே வரிசை மறுபடி வரும்.

அடுத்த நூற்றாண்டில் முதலாம் சார்ல்ஸ் மன்னர் 1629இல் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு, 11 ஆண்டுகள் அதைக் கூட்டாமலே ஆண்டார். அவருக்குக் கலைப்பு என்றால் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வது. அதனால்தான் 1641இல் கூடிய நாடாளுமன்றம், தன் சம்மதம் இல்லாமல் தன்னை யாரும் கலைக்கக்கூடாது என்று சட்டமே செய்துகொண்டது. உள்நாட்டுப் போர் வெடித்தது. 1649இல் அந்த மன்னரின் தலை போனது.

இன்றைய அரசியலமைப்புகள் அந்தப் பாடத்தைக் கற்றவை. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின்படி, நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட 60 நாட்களுக்குள் பொதுத் தேர்தல் நடத்தப்பட வேண்டும். மாநிலச் சட்டமன்றங்களுக்கும் அதே போன்ற காலவரம்பு உண்டு. அவிழ்க்கும் அதிகாரத்தோடு, மறுபடி கட்டும் கடமையையும் சட்டம் சேர்த்தே வைத்திருக்கிறது. அந்தக் கடமை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் இந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965இல் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அவற்றை நிரந்தரமாகவே முடித்துவிட்டது. கலைந்தது கூடவில்லை என்றால், அது மெல்லக் கரைந்துவிடுகிறது.

எழுதப்பட்ட அரசியலமைப்பில் ஜொகூருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. சுல்தான் அபு பாக்கார் ஆட்சியில் 1895இல் இந்த மாநிலம் தனக்கென எழுத்து வடிவில் ஓர் அரசியலமைப்பைப் பெற்றது. மலாய் மாநிலங்களில் அதுவே முதலாவது. 2022இல் அதே மாநிலத்தில் ஆட்சி ஒரு மயிரிழையில் நின்றது. முன்னாள் மந்திரி பெசார் ஒஸ்மான் சாப்பியான் 2021 டிசம்பரில் காலமானதால் ஓரிடம் காலியாகி, அரசாங்கத் தரப்பில் 28, எதிர்த்தரப்பில் 27 என்ற நிலை ஏற்பட்டது. மன்றம் கலைக்கப்பட்டு மார்ச் 12ஆம் தேதி தேர்தல் நடந்தது. 18 வயது இளைஞர்கள் வாக்களித்த முதல் மாநிலத் தேர்தல் அது. தேசிய முன்னணி 40 இடங்களைப் பிடித்தது. முடிச்சு அவிழ்ந்தது, 49 நாட்களில் மறுபடி போடப்பட்டது. கலைப்பு அங்கே தன் இலக்கணப்படி நடந்தது.

கம்பீர் கொதித்த ஆற்றங்கரை

சட்டமன்றத்தை விட்டுச் சற்றுப் பின்னோக்கி, இந்த மாநிலத்தின் ஆற்றங்கரைகளுக்குப் போனால், ஜொகூரின் பொருளாதாரமே கரைசலில் பிறந்தது என்பது புரியும். 1844 முதல் தெமெங்கோங் இப்ராகிம் சீனக் குடியேறிகளுக்கு ஆற்றோர நிலங்களைத் திறந்துவிட்டார். அவர்கள் அங்கே பயிரிட்டவை கம்பீரும் மிளகும். கம்பீர் இலைகளைப் பெரிய இரும்புக் கொப்பரையில் நீர் விட்டுக் காய்ச்சுவார்கள். இலையின் சாரம் நீரில் இறங்கும். சக்கையை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த நீரைப் பாகுபோல் வற்றக் காய்ச்சி, இறுகவிட்டுக் கட்டிகளாக வெட்டிக் காய வைப்பார்கள். தோல் பதனிடவும் சாயம் தோய்க்கவும் அந்தக் கட்டிகள் கப்பலேறின. ஜொகூர் மாநிலச் சின்னத்தில் இன்றும் கம்பீரும் மிளகும் இடம்பெற்றிருக்கின்றன.

ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு சீனத் தலைவர். அவருக்குக் ‘காங்சு’ என்று பெயர். ஆறு முழுவதும் அவர் பொறுப்பு. அபு பாக்கார் 1873இல் இதற்கென ஒரு சட்டத் தொகுப்பையே கொண்டுவந்தார். ஆனால் கம்பீர் மண்ணின் சத்தை உறிஞ்சியது. கொப்பரை அடுப்புகள் காட்டை விறகாகத் தின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. 1917இல் காங்சு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

முறை ஒழிந்தது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஜொகூர் பாருவுக்கு அருகில் உள்ள கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் ஆகிய பெயர்களில் உள்ள ‘கங்கார்’ அந்த ஆற்றங்கரைக் குடியிருப்புகளின் நினைவு. ஜலசந்தியின் மறுகரையில், சிங்கப்பூரின் சுவா சூ காங்கும் லிம் சூ காங்கும் இதே வேரிலிருந்து வந்தவை. இன்று கங்கார் பூலாயில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சீனர்களின் ஆற்றங்கரை முறை விட்டுச் சென்ற சொல்லைத் தன் பெயர்ப்பலகையில் ஏந்திக்கொண்டு, தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது பாடம் நடத்துகிறது. கரைந்தது எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

பாலும் சொல்யூஷனும்

கம்பீர் இருந்த இடத்தில் ரப்பர் வந்தது. ரப்பரோடு தமிழர்கள் வந்தார்கள். கங்காணிகள் வழியாக ஊர் ஊராக ஆள் திரட்டி அழைத்து வந்த முறை, 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை நீடித்தது. வந்தவர்கள் கற்றுக்கொண்ட தொழிலோ, கரைசலைக் கட்டியாக்கும் தொழில்.

விடிவதற்கு முன் வெட்டப்பட்ட மரத்திலிருந்து வடியும் பாலில், ரப்பர் மிக நுண்ணிய துளிகளாக நீரில் மிதக்கிறது. விட்டுவிட்டால் தானாகவே புளித்து உறையும். ஸ்டோரில் அதற்கு அளவாக அமிலம் சேர்ப்பார்கள். துளிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளைக் கட்டியாகும். பிறகு உருளையில் அழுத்தித் தகடாக்கிப் புகையில் உலர்த்துவார்கள். தோட்டத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் ஒட்டுப்பாலின் மணம் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

கட்டியான ரப்பரை மறுபடி கரைக்க உலகம் நெடுநாள் போராடியது. நீரில் அது கரையாது. ஸ்காட்லாந்துக்காரரான சார்ல்ஸ் மெக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து, அதை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, மழைக்கோட்டுத் துணிக்கு 1823இல் காப்புரிமை பெற்றார். கரைப்பான் ஆவியாகிவிடும். ரப்பர் மட்டும் துணியைப் பற்றிக்கொண்டு நிற்கும். தமிழ்நாட்டின் சைக்கிள் கடைகளில் பஞ்சர் ஒட்டும் பசைக்குச் ‘சொல்யூஷன்’ என்று பெயர். ஆங்கிலம் அறியாத கடைக்காரரும் அந்தச் சொல்லைச் சரளமாகச் சொல்வார். கரைசல் என்று பொருள்படும் சொல், அந்தக் கடையில் ஒட்டும் பொருளின் பெயர்! அவிழ்ப்பது என்று தொடங்கிய லத்தீன் சொல், கடைசியில் ஒட்டுவதில் வந்து நின்றது.

1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தார். அப்படிச் செய்த ரப்பர் எந்தக் கரைப்பானிலும் கரைவதில்லை. ஊறி உப்பும், அவ்வளவுதான். ரப்பரின் நீண்ட இழைகளுக்குக் குறுக்கே கந்தகம் பாலம் போட்டுவிடுவதே இதற்குக் காரணம். இழை எவ்வளவு நீளமாக இருந்தாலும் தனியாக இருந்தால் கரையும். குறுக்குப் பாலங்கள் இருந்தால் கரையாது. இதுவும் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

துண்டாடப்பட்ட தோட்டம்

தோட்டம் என்பது வெறும் வேலையிடமாக இருக்கவில்லை. லயத்து வீடு, கோயில், கடை, பள்ளி, சுடுகாடு எல்லாம் ஒரே எல்லைக்குள். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. பிற மாநிலத் தோட்டங்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. பல பள்ளிகள் ஒற்றை அறைக் கொட்டகைகள்தாம். என்றாலும் தமிழ் எழுத்து அங்கேதான் அடுத்த தலைமுறைக்குப் போனது. ஆனால் இந்த உலகம் முழுவதும் ஒரே ஒரு முடிச்சில் கட்டப்பட்டிருந்தது. நிலம் தோட்ட முதலாளிக்குச் சொந்தம் என்பதே அந்த முடிச்சு.

1950களில் அந்த முடிச்சு அவிழத் தொடங்கியது. வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி விற்று இலாபம் பார்த்தார்கள். ‘தோட்டத் துண்டாடல்’ என்று தமிழ் ஏடுகள் அதற்குப் பெயர் வைத்தன. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை உங்கு அப்துல் அஜிஸ் தலைமையிலான குழு அரசாங்கத்துக்காக ஆராய்ந்தது. நிலம் துண்டானதும் வேலை போனது. வேலை போனதும் லயத்து வீடு போனது. வீடு காலியானதும் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். எட்டாம் ஹென்றியின் மடங்களுக்கு நடந்த அதே வரிசை.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி.சம்பந்தன் ஒரு வழி கண்டார். 1960 மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் 10 வெள்ளி எடுத்துவைத்து 100 வெள்ளிப் பங்கு ஒன்றை வாங்குங்கள், விற்பனைக்கு வரும் தோட்டத்தை நீங்களே வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று கேட்டார். அன்றைய கூலிக்கு 10 வெள்ளி சிறிய தொகையல்ல. என்றாலும் ஆயிரக்கணக்கானோர் கொடுத்தார்கள். தனித்தனி இழைகளுக்குக் குறுக்கே போட்ட பாலம் அது. அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

ஆனால் எல்லாத் தோட்டங்களையும் ஒரு சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமம் வேண்டும் என்ற விதி வந்தபோது, ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாடு திரும்பியதாகக் கணிக்கப்படுகிறது. எஞ்சியவர்கள் மற்றோர் அலையைச் சந்தித்தார்கள். 1970களில் பாசிர் கூடாங் துறைமுக நகராக வளர்ந்தது. 2006இல் இஸ்கந்தர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஜொகூர் பாருவைச் சுற்றியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடமைப்புப் பகுதிகளாயின. இன்று உணவகங்களும் கடைத்தொகுதிகளும் நிறைந்து கிடக்கும் மவுண்ட் ஆஸ்டின், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அங்கே மாலையில் உணவருந்த வரும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

பெயர்ப்பலகை சொல்லும் வரலாறு

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஜொகூர்த் தோட்டத் தமிழர்கள் கலைந்தார்களா, கரைந்தார்களா?

எண்ணிக்கை ஒரு பதிலைச் சொல்கிறது. 1957இல் நாடு முழுவதும் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530 உள்ளன. மறைந்த பள்ளிகளில் பல, தோட்டத்தோடு சேர்ந்து மறைந்தவை. அந்தத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தவர்களின் பெயர்ப் பட்டியல், கோயில் கணக்கு, பள்ளி வருகைப் பதிவேடு எல்லாம் பெரும்பாலும் காப்பாற்றப்படவில்லை. இது கரைதல். உப்பு எங்கோ இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆனால் ஸ்கூடாய் பகுதியில், முத்தியாரா ரினி வீடமைப்புப் பகுதிக்குள் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி நிற்கிறது. சுற்றிலும் மாடி வீடுகளும் கடைவீதியும். தோட்டம் போய்விட்டது. ஆனால் பள்ளியின் பெயரில் ‘லாடாங்’ என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. மாணவர் குறைந்து மூடப்பட்ட பள்ளிகளின் கதைக்கு நேர் எதிரான கதை இது. பிள்ளைகள் நிறைந்த பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றாக இது வளர்ந்திருக்கிறது. கலைந்த மக்கள் அருகிலிருந்த நகரங்களில் மறுபடி கூடினார்கள். பள்ளியும் அவர்களோடு வந்தது. இது கலைதல். கூந்தலை மறுபடி வாரிக்கொண்ட கதை.

இந்த இரண்டுக்கும் நடுவே வேறுபாட்டை உண்டாக்கியது எது? தோட்டம் போனது இரு தரப்புக்கும் பொது. பள்ளிக்கு நிலம் கேட்டுப் போராடிய பெற்றோர், உரிமத்தை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்ட பள்ளி வாரியம், நகருக்குப் போன பின்னும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்த குடும்பம், இவை இருந்த இடத்தில் பள்ளி பிழைத்தது. அந்தக் குறுக்குப் பாலங்கள் இல்லாத இடத்தில், எவ்வளவு நீண்ட வரலாறும் இழை இழையாகக் கரைந்து போனது.

திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. ஒரு காட்சி மெல்ல மங்கிக்கொண்டே போக, அதன் மேலேயே அடுத்த காட்சி மெல்லத் துலங்கி வருவதை ‘டிசால்வ்’ என்கிறார்கள். பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் மெலியே 1899இல் எடுத்த சிண்ட்ரெல்லா படத்திலேயே அதைக் காணலாம். வெட்டிச் சேர்ப்பதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சில விநாடிகள் இரண்டு காட்சிகளும் ஒரே திரையில் சேர்ந்தே இருக்கும். பழையதன் உருவம் புதியதன் மேல் படிந்திருக்கும்.

ஜொகூர்த் தமிழர்கள் இப்போது அந்தச் சில விநாடிகளுக்குள் இருக்கிறார்கள். பால் வெட்டிய கைகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. தோட்டத்தின் எல்லை எது, கோயில் எந்தப் பக்கம் இருந்தது, பள்ளியில் முதல் ஆசிரியர் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதி வைப்பதும், பழைய படங்களின் பின்பக்கத்தில் பெயரும் ஆண்டும் குறித்து வைப்பதும், ஆண்டுதோறும் முதலாம் ஆண்டுப் பதிவு நேரத்தில் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்வதும் பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல.

கலைந்ததை மறுபடி கூட்டலாம் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதற்கு அது 60 நாள் கெடு வைத்திருக்கிறது. ஒரு சமூகத்தின் நினைவுக்கு அப்படிக் கெடு எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. முதியவர்களின் வயதுதான் அந்தக் கெடு.